கரி கழுவச் சொன்னவன்

ஜப்பான்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஊருக்குள்ளேயே காஜா பேராங் பகுதியில் ஒரு தகரக் கூரைப் படக்கொட்டகையில் வேலை கிடைத்தது. கப்பலில் புதுப் படம் வராத காலம். சண்டைக்கு முன் வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட ஒரு தமிழ்ப் படத்தைத் தினமும் பிற்பகலில் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் பல தலைமுறையாகக் குடியிருக்கும் மலாக்காச் செட்டிகள் சாமி கும்பிடுவதில் எங்களைவிட அழுத்தமானவர்கள். பேசுவது மட்டும் மலாய். அவர்களுக்காக நான் திரையோரம் நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதையை மலாயில் சொல்ல வேண்டும். கூலி மரவள்ளிக் கிழங்கு.

அது ஒரு காதல் சிரிப்புப் படம். பணக்காரப் பையன் ஒரு விகாரமான வேலைக்காரியைக் கேலி செய்கிறான். பிறகு அவள் குணத்தில் சொக்கிப்போகிறான். கடைசியில் அவள் ஆற்றில் முகம் கழுவுகிறாள். பூச்செல்லாம் போய், கீழே ரதி. அந்த இடத்தில் நான் குழாயை இறக்கிவிட்டு, "முகத்தைப் பார்க்காதீர்கள், மனத்தைப் பாருங்கள்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்ப்பேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொள்வேன். மனம் போதுமென்றால் ஆறு எதற்கு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

அக்காதான் எனக்குப் பெண் தேடினாள். பக்கத்துத் தெங்கேராவில் ஒரு தையற்காரரின் மகள். தாயில்லாதவள். சிப்பாய்களின் கண்ணில் படாமலிருக்க வயதுப் பெண்களின் முடியை ஒட்ட வெட்டி, முகத்தில் சட்டிக்கரி தேய்த்து, அப்பனின் சட்டையை மாட்டிவிட்ட காலம் அது. தாலி ஏறிவிட்டால் கொஞ்சம் காவல் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தத் தகப்பனாரும் அதற்காகத்தான் அவசரப்பட்டார். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று சந்து முனையில் ராணுவ லாரி நின்றது. அதனால் அந்தப் பெண் கரியோடேயே வந்து, கிழங்கு வைத்த தட்டை நீட்டினாள். நான் கிழங்கை மட்டும் பார்த்துத் தின்றேன்.

"எனக்கு வேணாங்கா. ஆம்பளப் பையன் மாதிரி இருக்கு" என்றேன், வரும் வழியில்.

"ஆமாடா வாத்தியாரு, நான் பாசாருக்குக் காய் வாங்கப் போறப்ப மூஞ்சில என்ன பூசிட்டுப் போறேன்? சந்தனமா?"

தினமும் காலையில் அக்கா கரி பூசுவதைப் பார்க்கிறவன் நான். அப்போதுதான் உறைத்தது. வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான், வந்தது பேராசை. கரிக்குக் கீழே ரதி இருந்தால்?

மறுநாள் காலையில் அக்காவிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். லாரி அங்கேயே நின்றது.

"ஐயா, ஒரு வாட்டி முகத்தக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டு முடிவ சொல்லிடுறேன்."

தையற்காரர் சந்து முனையைப் பார்த்தார். "தம்பி, வெளிய அவனுங்க நிக்கிறானுங்க. கல்யாணம் ஆனா ஆயுசுக்கும் பாக்கப் போற மூஞ்சிதானே?"

"பாக்காம எப்படிங்க ஐயா?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "விடுப்பா. வாத்தியாரு பாத்துட்டே போவட்டும்."

கிணறு சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. தகப்பனார் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். வேட்டி நடுங்கியது. அவள் நிதானமாகக் கழுவி நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

அவள் சட்டியின் அடியைச் சுரண்டி, என் முன்னாலேயே மறுபடி பூசிக்கொண்டாள். "உங்களுக்குக் காட்டியாச்சு. இனி அவனுங்களுக்கு மறைக்கணும்."

நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் கொட்டகையில் பெண்கள் பெஞ்சில் கரிமுகத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள், பின் வரிசையில் தகப்பனார். ஆற்றுக் காட்சி வந்தது. கதாநாயகி முகத்தைக் கழுவிவிட்டு ஏதோ நீளமாகப் பேசினாள். குழாயை வாயில் வைத்தேன், பெண்கள் பெஞ்சைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று செட்டிப் பெண்கள் மலாயில் கத்தினார்கள்.

தையற்காரர் மகள் எழுந்து, நல்ல மலாயில் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "கழுவிட்டேன், நல்லாத்தான் இருக்கேன், இனிமே என் மனசு உனக்குப் பிடிக்கும்னு சொல்றா."

கொட்டகை அதிர்ந்தது. அந்தப் படத்துக்கு அவ்வளவு சிரிப்பு நான் அதுவரை வாங்கித் தந்ததில்லை.

மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு சரி சொல்லப் போனேன். தையற்காரர் வாசலிலேயே நிறுத்தி, மரியாதையாகச் சொன்னார்: "ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் பேசிட்டோம் தம்பி. பாக்க வரணும்னுகூட அவரு கேக்கல."

ஜப்பான்காரர்கள் போன பிறகு அவளை ஒருமுறை தெங்கேராவில் மீன் வாங்கும் இடத்தில் பார்த்தேன். முடி வளர்ந்திருந்தது. முகத்தில் கரி இல்லை. தழும்புகள் அப்படியே இருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"என்னண்ணே, இப்ப படம் சொல்றதில்லையா?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த வேட்டி எப்படி நடுங்கியது என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் "பையில என்ன மீன்?" என்றுதான் கேட்டேன். அவள் பையைத் திறந்து காட்டினாள்.