மாப்பிள்ளை ஊதிய விசில்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வாழையும் நெல்லும் விளைகிற ஓர் ஊரில் நடந்தது. அது என் மாமனார் ஊர். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் தச்சநல்லூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனால் விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதி, இரண்டு பாயசம், எழுந்து நின்றால் எதற்கு எழுந்தீர்கள் என்ற விசாரிப்பு. மாப்பிள்ளை மரியாதை என்றால் அந்த ஊர் மாதிரி இன்னொரு ஊர் கிடையாது. அதில்தான் வந்தது வினை.

கோடையில் அந்த ஊர்க் குளம் வற்றியதும், குளத்துக்குள்ளேயே கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். கரை முழுக்கச் சனம் உட்கார்ந்திருக்கும். இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, மேலே ஒரு கயிற்றைக் கட்டினால் கோல் தயார். வலை கிலை எல்லாம் கிடையாது. கோட்டோரம் நின்று கொடி காட்ட ஆள் போடுகிற வழக்கமும் கிடையாது.

இறுதி ஆட்டம் மட்டும் இரண்டு வருடமாக முடிந்தபாடில்லை. இரண்டு முறையும் எதிரணி கூடங்குளம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர்கள்தான். முதல் வருடம் பாதியில் அடிதடி. அடுத்த வருடம் நடுவரையே அடிக்கப் போய், அவர் விசிலை வீசிவிட்டு மடை வழியாக ஓடினாராம். மூன்றாவது வருடம் கடலோரக்காரர்கள், ஒழுங்கான நடுவர் இல்லாமல் வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர் மாப்பிள்ளை ஊதட்டும். அவர் வெளியூர்க்காரர், ஆகவே நடுநிலை. மாப்பிள்ளை மேல் கை வைத்தால் ஊர்ப் பெண் மேல் கை வைத்த மாதிரி, ஆகவே யாரும் அடிக்கமாட்டார்கள். இதைவிடப் பொருத்தமான நடுவர் எங்கே கிடைப்பார்?

மாமனார் என்னிடம் பைய ஆரம்பித்தார். "மாப்ளே, நீங்க டவுன்ல பந்து விளையாடுன ஆளுல்லா. ஒரு நாளு விசில் ஊதுங்க. உங்க மேல இந்த ஊர்ல எவன் கை வைப்பான்?"

படிக்கிற காலத்தில் நானும் ஆடியவன்தான், அதிகமும் மாற்று ஆட்டக்காரனாக. ஆனால் மாமனார் கேட்கும்போது அதையா சொல்ல முடியும்? மனைவி பார்க்க, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நடக்கிற ஆசை வேறு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். உள்ளூர் அணியின் கோல்கீப்பர் என் மச்சினன் என்பதைக்கூட அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

கடலோரக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பதினோரு பேரில் எட்டுப் பேர் வெறுங்கால். தினமும் கடற்கரை மணலில் ஆடுகிற கால்கள். இங்கேயோ வெடித்துக் கிடக்கிற களிமண், காய்ந்து கல்லாகிப் போன மாட்டுக் குளம்புத் தடம். அவர்களின் கேப்டனுக்கு முப்பது வயது இருக்கும். விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு வந்தவர், கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"மூணாவது தடவையா வாரோம் அண்ணாச்சி. தோத்தாலும் பரவால்ல, ஆட்டம் ஒழுங்கா முடியணும். நீங்க மாப்பிள்ளைன்னு சொன்னதாலதான் நம்பி வந்திருக்கோம். இந்தத் தடவையும் கோளாறுன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டோம்."

நானும் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினேன்.

ஆட்டத்தில் அனல் பறந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் குளத்தில் எந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். கடலோரக்காரர்கள் ஓடினார்கள், இடறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். இடைவேளையில் பார்த்தால் மூன்று பேருக்கு உள்ளங்கால் கிழிந்து ரத்தம். ஒருவன் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டிருந்தான். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மீன்பாடு இங்கன இல்லைவே, வீட்டுக்குப் போங்க" என்று ஒரு குரல். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாதியில் மச்சினன் நின்ற கோலுக்குப் பக்கத்தில் என் மாமனார் மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பாதிக்குப் பாதி நேரம் போயிருக்கும். துண்டு சுற்றிய அந்தப் பையன் இருபது அடி தூரத்திலிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தான். மச்சினன் பாய்ந்தான், எட்டவில்லை. பந்து கயிற்றை உரசிக்கொண்டு, கயிற்றுக்குக் கீழே போய், பின்னால் உடைமரப் புதருக்குள் விழுந்தது. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி நின்று, இரண்டு கண்ணாலும் பார்த்தேன். விசிலை வாயில் வைத்தேன்.

அப்போதுதான் மாமனார் முகத்தைப் பார்த்தேன். அவர் அமைதியாக, மோர் கேட்கிற மாதிரி சொன்னார்: "கயித்துக்கு மேலல்லா போச்சு, மாப்ளே."

என் கை மேலே போய்விட்டது. கோல் இல்லை என்று காட்டிவிட்டேன்.

கடலோரப் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கேப்டன் ஓடி வந்து அவர்களை விலக்கினார். அடி விழும் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

"பார்த்தேன். மேலே போச்சு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நீங்க பாத்தாச் சரிதான்." திரும்பிப் போய் அவர் பையன்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "லே, இனி எவனும் கயித்துப் பக்கமே அடிக்கக் கூடாது. தரையோட அடிங்க. ஒருத்தரும் சந்தேகப்பட முடியாதபடி அடிங்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'சரி'தான் என்னைக் கொன்றது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வெளியே சொல்லவும் முடியாமல் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மச்சினன் என் பக்கமே பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் நேரத்தைக் கடத்த ஆரம்பித்தார்கள். ஒருவன் இல்லாத காயத்துக்குத் தண்ணீர் கேட்டான். துண்டு சுற்றிய பையன் மட்டும் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தான். துண்டு முழுக்கச் சிவந்திருந்தது.

ஐந்தாறு நிமிடம் போயிருக்கும். பந்து வெளியே போனது. என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, விசிலை நீளமாக ஊதினேன். எல்லோரும் நின்றார்கள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். பந்து கயித்துக்குக் கீழேதான் போச்சு. அது கோல்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

கரையே இறங்கி வந்துவிட்டது. முடிந்துபோனதை எப்படி மாற்றலாம் என்றார்கள். காசு வாங்கிவிட்டானா என்று ஒருவர். ஒரு மீசைக்காரர் என் மூக்குக்கு நேராக வந்து, "மாப்பிள்ளையாச்சேன்னு பாக்கோம்" என்று பல்லைக் கடித்தார். பார்க்கத்தானே முடியும்? யாரும் அடிக்க முடியாத ஆள் வேண்டும் என்று அவர்களே தேடிப் பிடித்து நிறுத்தியவன் நான். அது அந்த நேரத்தில் சட்டென்று எனக்கு உறைத்தது. பயம் பாதி போய்விட்டது. ஆனால் மாமனார் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து வருவதைப் பார்த்ததும் போன பயம் திரும்பி வந்தது.

அவர் என்னிடம் பேசவில்லை. மகனிடம் போனார். "ஏலே, நீதான கிட்ட நின்ன. சொல்லு. மேலதான போச்சு?"

மச்சினன் தரையைப் பார்த்தான். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு, "கீழதான்ப்பா" என்றான்.

இறங்கி வந்தவர்கள் கரைக்குத் திரும்பினார்கள். ஒன்றுக்கு ஒன்று.

மீதி இருந்தது பத்து நிமிடம். அப்படி ஒரு பத்து நிமிடத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. உள்ளூர்க்காரர்களும் ரோஷத்தோடு ஆடினார்கள், சும்மா சொல்லக் கூடாது. மச்சினன் இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தான், முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. கடைசியில் கேப்டன் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டி வந்தார். எல்லோரும் ஓங்கி அடிப்பார் என்று பார்த்தார்கள். அவர் பைய, தரையோடு, கம்பின் ஓரமாகத் தள்ளிவிட்டார். பந்து உருண்டு போவதை ஊரே பார்த்தது. மாமனாரும் பார்த்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் விசிலை ஊதினேன்.

வெளியூர்க்காரர்கள் அந்தக் குளத்தில் இறுதி ஆட்டத்தை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கல் எறியவில்லை, யாரும் ஓடவில்லை. அவர்கள் அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வேன் வரை போனார்கள். அவன் அழுதுகொண்டே கரையிலிருந்தவர்களுக்குக் கும்பிடு போட்டான். கொஞ்சம் முன்னால் மீன்பாடு என்று கேலி செய்தவர்தான் முதலில் கை தட்டினார்.

வீட்டில் சொதி இல்லை. ரசமும் சுட்ட அப்பளமும். மாமனார் முற்றத்திலேயே இருந்துவிட்டார். பரிமாற வந்த மனைவியிடம், உனக்கு வருத்தமா என்று கேட்டேன். "தம்பி பரீட்சை மார்க்கைக்கூட ஒழுங்காச் சொல்ல மாட்டான். அவனையே ஊருக்கு முன்னால உண்மையச் சொல்ல வச்சிட்டிய. சாப்பிடுங்க" என்றாள். அன்றைக்கு அந்த ரசத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமனார் ஒரு மாதம் பேசவில்லை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "அந்த ரெண்டாவது கோல் நல்ல கோல் மாப்ளே." அவ்வளவுதான் சமாதானம்.

அடுத்த கோடையில் கடலோர ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதே மாப்பிள்ளை ஊதினால் வருகிறோம் என்று. போனேன். வேனிலிருந்து அந்தக் கேப்டன் ஒரு பெரிய மூட்டையை இறக்கினார். பழைய மீன்வலை. கிழிந்த இடமெல்லாம் புது நூலால் தைத்திருந்தது. இரண்டு கோலுக்கும் அவர்களே கட்டினார்கள். கட்டி முடித்து, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சிரித்தார்.

"இனிமே நீங்க மாமனார் மொகத்தப் பாக்க வேண்டாம் அண்ணாச்சி. வலையப் பாத்தாப் போதும்."

எனக்குச் சுருக்கென்றது. "அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியாமலா? நீங்க பந்தப் பாத்திய, பொறவு அங்கன பாத்திய. வாய் ஒண்ணச் சொன்னாலும் மொகம் வேற சொல்லிச்சு. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னுதான் சரின்னேன்."

நான் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை, மனுவோடு ஒருவர் என் மேஜைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கண் தானாக அதிகாரியின் அறைப் பக்கம் திரும்பும்; உடனே அந்தப் பழைய வலை ஞாபகத்துக்கு வரும், கண்ணைத் திருப்பி எதிரில் நிற்பவரைப் பார்ப்பேன்.