டாலிக்காரரின் பல்லி

பக்தவச்சலம் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் டாலி எழுதியவர். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை எத்தனை, லாரியில் ஏறியது எத்தனை என்று எண்ணி எழுதுகிற வேலை. கன்டெய்னர் வந்து அந்த வேலையை விழுங்கிய பிறகு, பல்லி, ஓணான்களை ஆராயும் ஒரு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். திருவொற்றியூரில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. "இன்னா மாமு, பல்லி புடிக்கறதுக்கா சம்பளம் குட்க்கறான்?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பாறையில் ஒட்டிய பல்லியை வால் அறாமல் பிடிக்க அவரை விட்டால் ஆளில்லை. அந்த நிலையத்தின் ஆராய்ச்சியாளர் மகிமாவே இதைச் சொல்வாள். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகள், முகஸ்துதி தெரியாத பெண்.

போன வருஷம் இருவரும் தெற்கே போனார்கள். எதிரெதிராக இரண்டு மலைகள், குருவிமலை, உச்சிமேடு. அங்கே பகலில் பாறைமேல் திரியும் கட்டைவிரல் நீளப் பல்லிகள் உண்டு. மகிமா கால் பிசகி அடிவாரத்திலேயே படுத்துவிட, வனக்காவலரோடு ஏறி, மலைக்கு ஆறாகப் பன்னிரண்டு பிடித்தவர் பக்தவச்சலம்தான். ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் நூலால் ஒரு சீட்டு கட்டி, எந்த மலை என்று பென்சிலில் எழுத வேண்டும். பென்சில் மழையில் எங்கோ விழுந்துவிட்டது. டாலிக்காரர் சட்டைப்பையில் பால்பேனா இல்லாமல் போகுமா? அதிலேயே எழுதிவிட்டார்.

சென்னைக்கு வந்து பாட்டிலைத் திறந்தால், பல்லிகள் கெடாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட் அத்தனை மையையும் தின்றுவிட்டிருந்தது. பன்னிரண்டு சீட்டும் வெள்ளை வெளேர்.

துறைமுகத்தில் மூட்டையின் சீட்டு அறுந்துபோனால், கண்ணளவில் பார்த்து இன்னொன்றைக் கட்டி டாலியை நேராக்கிவிடுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். அதையேதான் இங்கேயும் செய்தார். பெரிய புள்ளிக்காரப் பல்லிகள் ஆறு, சின்னப் புள்ளி ஆறு. பெரியது உச்சிமேடு, சின்னது குருவிமலை என்று குத்துமதிப்பாகப் புதுச் சீட்டு எழுதிக் கட்டினார். "ஆறும் ஆறும் பன்னெண்டு, கரீட்டா கீது" என்று வாய்விட்டு வேறு சொல்லிக்கொண்டார், பாவி மனுஷன்!

மூன்று மாதம் கழித்து மகிமா ஓடிவந்தாள். செதிலை எண்ணி, தொடையடித் துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டாளாம். சின்னப் புள்ளி எல்லா மலையிலும் கிடைக்கிற சாதாரணப் பல்லி. பெரிய புள்ளி உலகத்துக்கே புதுசு.

"உங்க பேரத்தான் வைக்கப்போறேன்ணே."

சீட்டு விஷயத்தை அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். "ரொம்ப தேங்ஸ் மேடம்" என்றார்.

அந்த இரண்டு மலைகளுக்கும் கல்குவாரிக்காரர்கள் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். புதுப் பல்லி உச்சிமேட்டில் மட்டுமே வாழ்கிறது, அதைத் தொடாதீர்கள் என்று மகிமா அரசுக்கு எழுதினாள். இங்கே ஊரிலோ அவர் மனைவி கெங்கம்மா தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டாள். ஒரு பக்கம் பல்லி, மறுபக்கம் கூலிங்கிளாஸ் போட்ட பக்தவச்சலம், நடுவில் 'எங்கள் பகுதியின் சிங்கமே!' சிங்கம் அதைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று காலையில் பஸ் ஏறுவார், சொல்லாமலே திரும்பி வருவார். சோறு இறங்கவில்லை. இப்படியே எட்டு மாதம்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே மகிமா சொன்னாள்: "குருவிமலைக்கு குவாரி பர்மிஷன் கிடைச்சிருச்சாம்ணே. போன வாரமே வேலைய ஆரம்பிச்சுட்டாங்க. நல்லவேளை, உச்சிமேடு தப்பிச்சுது."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், அந்தச் சீட்டெல்லாம் நான் குத்துமதிப்பா கட்னது. பேனால எயுதிட்டேன், அயிஞ்சி பூட்ச்சு. எது எந்த மலைன்னு எனுக்கே தெர்ல மேடம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எட்டு மாசமா ஏண்ணே சொல்லல?"

"ஃப்ளெக்ஸ் வச்சிட்டாங்க மேடம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மகிமா அன்றைக்கே கட்டுரையை நிறுத்திவைத்து, அரசுக்கும் திருத்தம் எழுதினாள். மறுவாரம் இருவரும் மலை ஏறினார்கள். உச்சிமேட்டில் இரண்டு நாள் தேடினார்கள். கண்ணில் பட்டதெல்லாம் சின்னப் புள்ளிதான். அப்படியென்றால் பெரிய புள்ளி குருவிமலையுடையது. குருவிமலையில் அவர் பல்லி பிடித்த பாறைச்சரிவு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் கிடந்தது, இரண்டு பொக்லைன்கள் நின்றன. மிச்சமிருந்த பாறைகளில் மூன்று நாள் கையும் காலும் சிராய்த்துக்கொண்டு தேடினார். இடுக்கு இடுக்காகக் கைவிட்டுப் பார்த்தார். பெரிய புள்ளி ஒன்றுகூட இல்லை. பாட்டிலில் இருக்கும் ஆறுதான் மிச்சம் போலிருக்கிறது என்றாள் மகிமா.

நிலையத்துக்குத் திரும்பியதும் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தாள். இடத்தின் பெயரை மாற்றினாள். பல்லியின் பெயர் வந்ததும் கை நின்றது. அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இதுக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

"குருவிமலை பேர வைங்க மேடம்" என்றார் பக்தவச்சலம். "ஒருவாட்டியாவது அது எந்த ஊர்துன்னு கரீட்டா எயுதுவோம்."