ஆறு மணிப் பக்கம்

என் சின்ன மாமா பொய் சொல்கிறார். பதினைந்து வருடங்களாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடோ தீபாவளிச் சாப்பாடோ, நாலு பேர் கூடினால் போதும், திமிங்கிலக் கதையை எடுத்துவிடுவார்.

"ரெண்டு பஸ்ஸ ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நிப்பாட்டின மாதிரிங்க. படகுக்குப் பக்கத்துலயே எந்திரிச்சிச்சு. இந்தா ஒக்காந்திருக்காளே என் மருமக, இவ பயத்துல அன்னைக்கு முழுக்க வாயே தொறக்கல."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மாமா எந்தத் திமிங்கிலத்தையும் பார்க்கவில்லை. அந்தப் படகில் இருந்த இருபது பேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் வாய் திறக்காததற்குக் காரணம் என் பயமும் இல்லை.

இலங்கையில் உள்நாட்டுச் சண்டை முடிந்த மறு வருடம். எனக்குப் பத்து வயது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். மாமா அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டியில் வேன் ஓட்டக் கற்று, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு எடுத்து ஆளாகிவிட்டவர். அவர் பேசும் சிங்களத்தைக் கேட்டால் சிங்களவர்களுக்கே சந்தேகம் வராது என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அதை ஏன் பெருமையாகச் சொல்கிறார் என்று நான் அன்று கேட்கவில்லை.

அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பாடசாலையிலிருந்து நான் ஒருத்திதான் சித்தியடைந்தேன். பேச்சுப் போட்டியிலும் ஒரு கிண்ணம் வாங்கியிருந்தேன். பரிசாக எனக்குக் கடல் காட்டுவதாக மாமா சொன்னார். கண்டியில் ஓர் அலுவலகத்துக்காரர்கள் குடும்பங்களோடு தெற்குக் கரையில் மிரிஸ்ஸவுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள், வேன் மாமாவுடையது, படகில் சாரதிக்கும் இடம் உண்டு, ஒரு சின்னப் பிள்ளையையும் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். அம்மா எனக்கு எண்ணெய் தடவி ரெட்டைச் சடை பின்னி அனுப்பினார்.

பேராதனைச் சந்தியில் அவர்களை ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் கெட்டம்பே மைதானத்துக்குப் பக்கத்தில் மாமா வேனை ஓரம் கட்டினார்.

"பாப்பா, இப்ப அவங்க ஏறுவாங்க. அதுக்கப்புறம் நீ பேசக் கூடாது."

"மெதுவா பேசலாமா மாமா?"

"மெதுவாவும் கூடாது. ஒரு வார்த்த கூட."

"ஒண்ணுக்கு வந்தா?"

"என் சட்டைய இழு."

"ஏன் மாமா பேசக் கூடாது?"

"கேள்வி கேக்காம இருந்தா கடல் பாக்கலாம். இல்லாட்டி இங்கனயே இறங்கிக்க. ஹுன்னஸ்கிரிய பஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

நான் இறங்கவில்லை. அவர்கள் ஏறினார்கள். மாமா சிங்களத்தில், தன் பெயர் நிமல் என்று ஒரு சிங்களப் பெயரைச் சொன்னார். என்னைக் காட்டி, அக்காவின் பிள்ளை, பிறந்ததிலிருந்து பேச வராது என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் அதைப் புரிந்துகொள்ளப் போதுமாக இருந்தது. ஒரு மாமி "அனே பவ்" என்று என் தலையைத் தடவினார். ஐயோ பாவம் என்று அர்த்தம். பேச்சுப் போட்டிக் கிண்ணம் வாங்கிய நான் அந்த நிமிடத்திலிருந்து ஊமை.

ஊமையிடம் எல்லாரும் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். வேனில் பாட்டுப் பாடியபோது, பேச வராவிட்டாலும் தாளம் போடலாம்தானே என்று வெறும் பிஸ்கட் டின்னைக் கையில் தந்தார்கள். தட்டினேன். நன்றாகத் தட்டுகிறாள் என்று எனக்கு முன்னாலேயே, எனக்குக் காதும் கேட்காது என்பதைப் போலப் பேசிக்கொண்டார்கள். அன்றிரவு அவர்கள் விடுதியில் தங்கினார்கள். மாமாவும் நானும் வேனில் படுத்தோம். அங்கேயும் பேசக் கூடாது என்றார்.

காலையில் கடலைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. "அம்மாடி, எம்புட்டுப் பெருசு" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாமாவின் சட்டையை இழுத்தேன். அவர் என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

படகுத்துறையில் எங்களோடு வர ஓர் அக்கா நின்றார். திமிங்கிலங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறவர். வெயிலில் கறுத்த முகம், படகின் பெயர் போட்ட தொப்பி. எல்லாரும் ஒரு தாளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். மாமா கடைசியாக எழுதி, தாளை மடித்தே கொடுத்தார். அக்கா அதை விரித்துப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என் சடையைப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு மிதவை அங்கியை அவரே கட்டிவிட்டார்.

படகு நகர்ந்ததும் அக்கா சட்டங்களைச் சொன்னார். குப்பை போடக் கூடாது. திமிங்கிலத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடலை மணிக்கூடு என்று நினைத்துக்கொள்ள வேண்டும், படகின் முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் ஆறு, எங்கே கண்டாலும் அந்த எண்ணைச் சொன்னால் போதும். அவர் பேசியதில் பாதிதான் அன்று எனக்கு விளங்கியது. மீதியைப் பிறகு மாமாவின் கதைகளிலிருந்து பொய்யைக் கழித்து எடுத்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் ஒவ்வொரு பக்கத்தைக் கொடுத்தார். எனக்குப் பின்பக்கம். குனிந்து, கையால் பின்னால் காட்டி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் "ஆறு" என்றார். தமிழில். நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அவருக்கு எண்கள் தெரியும் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் போனோம். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கரை மறைந்தது. தூரத்தில் ஏழெட்டுப் படகுகள் ஓரிடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றன. நடுவில் வெள்ளையாக ஒரு புகை எழும்பி அடங்கியது. எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அக்கா படகோட்டியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

அலுவலகத்தின் பெரியவர், ஏன் நிறுத்துகிறீர்கள், அங்கே போங்கள் என்றார். அது மூச்செடுக்கத்தான் மேலே வருகிறது, சுற்றி வளைத்தால் மூச்சு முடியாமலே உள்ளே போய்விடும், காத்திருந்தால் தானாக வரும் என்றார் அக்கா. அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. காத்திருக்கத்தான் என்றால் கண்டி வாவியிலேயே காத்திருந்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா.

இன்னும் அரை மணி நேரம் போனது. பெரியவர் எழுந்து நின்று ஏசத் தொடங்கினார். மற்றவர்களும் முன்பக்கம் போய் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அதே நேரம் வேறொரு படகு எங்களுக்கு முன்னால் சீறிக்கொண்டு போனது. அதிலிருந்தவர்கள் கூவிக் கையாட்டினார்கள். இங்கே எல்லாரும் அதைக் காட்டி, பாருங்கள், அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று அக்காவின் முகத்துக்கு நேரே கத்தினார்கள்.

நான் பின்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. அடியில் யாரோ விளக்கைப் பிடித்ததுபோல வெளிர் பச்சை. பிறகு ஒரு முதுகு வந்தது. மழையில் நனைந்த பாறை போல இருந்தது. தொழிற்சாலையில் ஆவி திறந்துவிடுவதுபோல ஒரு சத்தம், முகத்தில் ஈரமாக மீன் வாடை. முதுகு போய்க்கொண்டே இருந்தது. இப்போது முடியும், இப்போது முடியும் என்று பார்த்தேன், முடியவில்லை. அவசரமே இல்லை அதற்கு. எங்களிடம் வரவேண்டும் என்று வந்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் சும்மா இருந்ததால் வந்தது.

எழுந்து நின்றேன். "ஆறு" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆ" வரைக்கும் வந்தது. மாமா திரும்பினார். நான் பார்த்த பக்கத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கோபம் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். மாமா மறுபடி ஆட்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் வால் எழும்பியது, தண்ணீர் வடிய நின்றது, சத்தமில்லாமல் இறங்கியது.

அது போன இடத்தில் கடல் இஸ்திரி போட்டதுபோல வட்டமாக வழுவழுப்பாகக் கிடந்தது. அதை அக்கா கண்டுவிட்டார். ஆட்களை விலக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்தார். திமிங்கிலம் வாலை அடித்து உள்ளே போனால்தான் இப்படித் தண்ணீர் கிடக்கும், இங்கே வந்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பெரியவர், தண்ணீரைக் காட்டி ஏமாற்றுகிறாயா என்றார்.

அக்கா எனக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆறு?" என்று கேட்டார்.

மாமாவைப் பார்த்தேன். அவர் தலையை மிக லேசாக ஆட்டினார். இல்லை என்று.

நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

கரைக்கு வந்ததும் பெரியவர் படகுச் சொந்தக்காரரிடம் முறையிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க சொந்தக்காரர் அக்காவை ஏசினார். கடைசியில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. நாளைக்கு வராதே. அக்கா தொப்பியைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அழவில்லை. என்னைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. தலையில் கை வைத்துவிட்டுப் போயிருந்தால் கூட இவ்வளவு காலம் எனக்கு இப்படி இருந்திருக்காது.

பேராதனையில் அவர்களை இறக்கிவிட்ட பிறகு மாமா பெருமூச்சு விட்டார். "சரி பாப்பா, இனி பேசு."

நான் வெறும் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட திமிங்கிலம் பாத்தோம்னு சொல்லு, என்ன. பாவம், சந்தோசப்படும்."

அம்மாவிடம் பார்த்தோம் என்று சொன்னேன். பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டே உண்மையைச் சொல்ல வைத்தார் என் மாமா.

என்னால் அவருக்கு வெட்கம் என்றுதான் அன்று முடிவு செய்தேன். என் எண்ணெய்ச் சடை, என் தோட்டத்துப் பேச்சு. இரண்டு விஷயங்கள் எனக்கு அன்று தெரியாது. ஒன்று, அதற்கு முந்திய வருடம் தெற்குப் பக்கம் வேன் ஓட்டம் போன இடத்தில் மாமா தொலைபேசியில் அம்மாவோடு தமிழில் பேசியதை யாரோ கேட்டுப் பொலிசுக்குச் சொல்லிக் கொடுத்து, சந்தேகத்தில் அவரை இரண்டு வாரம் அடைத்து வைத்திருந்தார்கள். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போன பிறகு. மற்றது, அந்தத் தாள். படிக்கும் காலத்தில் கூட்டாளிகளோடு திருகோணமலையில் ஒரு படகில் ஏறினேன். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதச் சொல்லித் தாளை நீட்டினார்கள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மாமாவின் அடையாள அட்டையில் நிமல் என்று இல்லை, தமிழ்ப் பெயர்தான். அக்கா எங்கள் பெயரைக் காலையிலேயே வாசித்துவிட்டார். வாசித்துவிட்டுத்தான் எனக்குத் தமிழில் "ஆறு" என்றார். அதற்குத் தமிழிலேயே நான் பதில் சொல்லியிருக்கலாம்.

ஆகவே பயம்தான், விட்டுவிடு என்கிறார் அம்மா. விடலாம். ஆனால் புலமைப்பரிசிலில் கண்டிப் பாடசாலைக்கு நான் வந்த பிறகு, வேன் தரிப்பிடத்தில் அவருடைய கூட்டாளிகளுக்கு முன்னால் தன்னை மாமா என்று கூப்பிட வேண்டாம் என்றாரே, அதுவும் பயமா? அங்கே அவரை யார் பிடித்துக்கொண்டு போக இருந்தார்கள்?

அடுத்த மாதம் மாமாவின் மகளுக்குக் கண்டியில் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும். வேன் தரிப்பிடத்துக் கூட்டாளிகள் எல்லாரும் வருவார்கள். திமிங்கிலம் கட்டாயம் வரும். நான் வாயே திறக்காத கதையும் வரும். அன்று நான் சிரிக்க மாட்டேன். எழுந்து கேட்பேன். யோசித்து வைத்துக்கொள்ளட்டும் என்று இப்போதே எழுதிவிடுகிறேன்.

அன்று படகில் பயந்தது யார், மாமா? என் குரலைக் கேட்டால் உங்களுக்கு வந்தது பயமா, வெட்கமா? பயம் என்றால் அந்த இடத்திலேயே உங்கள் காலில் விழுவேன். வெட்கம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த அக்காவின் வேலை போனது நம் இரண்டு பேராலும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

தமிழில் சொல்லுங்கள்.