சந்திரிகா அக்கா தொட்ட காகம்

பொழிச்சலூரில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவர் சந்திரிகா அக்கா. அவருக்கே காய்ச்சல் வந்தபோது கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். தாழிட்டது பதினொரு கோழிகளுக்காக. காய்ச்சலுக்குக் காரணம் நானாக இருக்கலாம்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. மாமனாரின் நெல்வயல் மனைகளாகிவிட, மிஞ்சிய கொல்லையில் கோழி வளர்த்தார். கணவர் இறந்த பிறகு, மதிலில் காகத்துக்குச் சோறு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. ஒரு கால் வளைந்த காகம் ஒன்று தவறாமல் வரும். "உங்க மாமாவுக்குப் பசி தாங்காது" என்று சிரிப்பார். அது சிந்தியதைக் கீழே கோழிகள் கொத்தும்.

போன மாதக் கடைசியில் ஒரு காலையில் அந்தக் காகம் மதிலடியில் செத்துக் கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா கீதா, நீ காலேஜ்ல கிருமி படிச்சவதானே? கையால தொட்லாமா?"

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நுண்ணுயிரியல். மூன்று வருடப் படிப்பில் செத்த பறவை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றால், அப்பா எதற்காகப் படிக்க வைத்தார்?

"வெயில்ல விழுந்திருக்கும்க்கா. ஒண்ணும் ஆகாது."

அக்கா அதை மடியில் கிடத்தி, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, அலகில் வாய்க்கரிசி போட்டு, வேட்டித் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார்.

மூன்றாம் நாள் டிரான்ஸ்பார்மர் அடியில் ஆறு காகங்கள் கிடந்தன. சுகாதார ஆட்கள் வந்து, பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், எதையும் தொடாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் போனில் தேடிப் படித்தேன். வாத்திலிருந்து கோழிக்கு, கோழியிலிருந்து காகத்துக்கு என்று தாவத் தாவ அந்தக் கிருமி மாறுகிறது. மனிதருக்கு அரிதாகத்தான் வரும்; வந்தால் பலரைக் கொல்லும். ஒரே உடம்பில் இரண்டு வகைக் காய்ச்சல் கிருமிகள் சேர்ந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு, மனிதருக்கிடையே எளிதில் பரவும் மூன்றாவது ஒன்று பிறக்கலாம்.

இரண்டு நாளாகக் கதவைத் திறக்காத அக்கா வீட்டு ஜன்னலைத் தட்டினேன்.

"சும்மா உடம்பு சூடுதான், போடீ" என்றவர் இருமினார். அவருக்குப் பின்னால் கூடத்திலேயே கோழிகளை அடைத்து வைத்திருந்தார். ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. கொண்டை நீலம் பாரித்திருந்தது.

"எத்தனை செத்துச்சுக்கா?"

"ரெண்டு. கத்தாத. தெரிஞ்சுதுன்னா மூட்டை கட்டி எடுத்துகினு போய்டுவானுங்க. என் வூட்டோட நிக்குமா? தெருவுல கீற கோழி அத்தினியும் போவும். அவ கோழியும் போச்சுன்னா எதிர்வூட்டு தையல்நாயகி என்ன வுட்டு வெப்பாளா?"

"உங்க உயிருக்கே ஆபத்துக்கா."

"நீதானே ஒண்ணும் ஆகாதுன்ன?"

தலைக்கு மேல் விமானம் போனது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தார். "அடிப்பாவி. தெரியாதுன்னு சொல்லியிருந்தா குச்சியால தள்ளிவுட்டிருப்பேனே."

என் வார்த்தையை நம்பித்தான் இத்தனை நாள் பயமில்லாமல் இருந்திருக்கிறார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தாழை நீக்கினார். முன்னால் நான் நடக்க, பத்தடி தள்ளி வந்தார். ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார், ஓட்டுபவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. அக்காவுக்கு இருப்பது சாதாரண ஃப்ளூ. கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல். வெள்ளை உடை ஆட்கள் தெருக்கோழிகள் எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். தையல்நாயகி தெருவில் நின்று திட்டியது எங்கள் சமையலறை வரை கேட்டது.

சாதாரண ஃப்ளூ என்றதும் அம்மா சாமி கும்பிட்டாள். எனக்குத்தான் பயம் கூடியது. ஃப்ளூவோடு அந்தக் கோழிகளுக்கு நடுவில் படுத்திருந்தவர் அக்கா. இரண்டு கிருமிகளும் அவர் உடம்பில் சேர்ந்திருந்தால்? டாக்டரும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். பத்து நாள் வெளியே விட முடியாது, மறுபடி சாம்பிள் எடுப்போம் என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் மாத்திரை கொடுத்தார்.

இன்று ஐந்தாம் நாள். அக்கா அறையிலிருந்து போன் செய்தார்.

"இங்க சோறு பரவால்ல. மறுபடி மூக்குல குச்சி வுட்டானுங்க, நாளைக்கு சொல்வாங்களாம். அத வுடு. உனக்கு எப்டி கீது? தொண்ட வலிக்குதா?"

பதில் சொல்லும்முன் எச்சில் விழுங்கிப் பார்த்தேன். மறுபடி விழுங்கிப் பார்த்தேன்.

"சொல்லுடி" என்றார் அக்கா.