ஒதுக்கி வைத்த ரத்தம்

ஆதிமூலத்துக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. நடத்துநர் தொண்டை கிழிய ‘கோரிமேடு’ என்று கூவினாலும் பலகையைப் படித்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார். அப்படிப்பட்ட ஆளை ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் சோதனை பார்க்க உட்கார வைத்தது எந்தப் புண்ணியவானோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

1989இல் ஒருநாள் ஒகுஸ்த் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்தவர்; பாதிக் காலம் மேற்கு ஆப்பிரிக்காவில். இப்போது பென்ஷன். மனைவி ழனெத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்பதால் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்.

எய்ட்ஸ் சோதனை ‘இல்லை’ என்றது. ஆதிமூலத்துக்கோ மனசு ஒப்பவில்லை. ரத்தம் எடுக்கும்போதே பார்த்தார், ஒகுஸ்த்தின் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து நாடுகளில் இதே கிருமியில் இரண்டாவது வகை ஒன்று உண்டு, அதன் அமைப்பே வேறு, முதல் வகையை வைத்துச் செய்த சோதனைக் கிட்டுக்கு அது அகப்படாமல் போகலாம் என்று எங்கோ படித்திருந்தார். பாட்டிலை ஒதுக்கி வைத்தார்.

“கிட்டே இல்லன்னுது. நீ என்னா அதுக்கு மேல?” என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

ஒகுஸ்த்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னைய என்னான்னு நெனைச்ச? அனுப்புயா என் ரத்தத்த பாரீசுக்கு. அவங்க சொல்லட்டும்.”

“அனுப்பறேன் மிசியே. அதுவரைக்கும் இது யாருக்கும் ஏறாது.”

ழனெத்தின் தம்பி அந்துவான் ரத்தம் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாரீசிலிருந்து பதில் வந்தது. இருக்கிறது, இரண்டாவது வகை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தன் சந்தேகம் பலித்ததில் ஆதிமூலத்துக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒகுஸ்த் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று பார்த்தால், மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“லீவுக்கு லீவு ஊருக்கு வந்து போனேனே,” என்றார். “ஆபரேஷனுக்கு முன்னாடி ழனெத் ரத்தத்தையும் நீதான பார்த்த? இல்லன்னு எழுதிக் குடுத்தியே, எந்தக் கிட்டுல பார்த்த?”

“அதே கிட்டுலதான்,” என்றார் ஆதிமூலம்.

ஒகுஸ்த்தின் ரத்தத்தைச் சந்தேகப்பட்டவருக்கு, அவரோடு குடும்பம் நடத்தியவளின் சீட்டைச் சந்தேகப்பட இந்த இரண்டு மாதமும் தோன்றவே இல்லை.