இரண்டு முறை திரும்பிய கைப்பிடி

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, காலை 7.40. சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. வானத்தில் மூன்று மேகங்கள். மூன்றும் மழைக்கு உதவாதவை. அந்த நேரத்தில்தான் மண் வெட்டும் பெக்கோ மெசின் எங்கள் படலையைத் தாண்டி வளவுக்குள் வந்தது.

புதுக் கழிவறைக்குக் குழி வெட்ட வேண்டும். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம். மன்னார்த் தீவின் மணலை ஆள் வைத்து வெட்டினால் காலையில் வெட்டியதில் பாதி மாலைக்குள் சரிந்துவிடும். ஆகவே மெசின்.

குழியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் படகைப் பற்றியது. அடுத்த வளவுக்காரர் தன் பைபர் படகை எங்கள் வேம்பின் கீழ் ஏற்றி வைத்திருந்தார். பதினாறு நாளாக அவர் கடலுக்குப் போகவில்லை. அடிப்பக்கத்து வெடிப்பை முதல்நாள் மாலைதான் ஒட்டி முடித்திருந்தார்.

“அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அசைக்கேலாது. காயவேணும்” என்றார். “நாளைக்கு விடியப்புறம் இறக்கினாத்தான் மடு மாதா திருவிழாவுக்கு முதல் நாலு காசு பார்க்கலாம். இல்லாட்டி வீட்டுக்காரி என்னை மடுவிலயே விட்டிட்டு வந்திடுவா.”

மெசினுக்கு இடப்பக்கம் என் வீட்டுச் சுவர். வலப்பக்கம் படகு. வெட்டும் மண்ணை வலப்பக்கம்தான் கொட்ட முடியும். ஆகவே மண் கொட்டும் இடத்துக்கும் படகுக்கும் நடுவில் என் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு நானே எல்லைக்கல்லாக உட்கார்ந்தேன்.

மெசினை ஓட்டியவர் எருக்கலம்பிட்டிக்காரர், நாற்பது வயதிருக்கும்; ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பதினொன்றே முக்காலுக்கு அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பேசாலையிலிருந்து அவருடைய கூட்டாளி வந்து ஓட்டுவார். கூட்டாளியின் வீட்டுக் கலியாணமென்றால் இவர் போய் ஓட்டுவாராம். ஆறு வருடமாக இப்படித்தான் என்றார்கள்.

கூட்டாளி வந்து ஏறியதும் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருப்பினார். நான் எழுந்து போனேன்.

“என்ன திருப்பினனீங்கள்?”

“ஒண்டுமில்லை சேர். நானா கட்டாரில பழகினவர். நான் இஞ்ச பழைய மெசினில பழகினனான். அவற்ற கை வேற, என்ர கை வேற. இதைத் திருப்பினா மெசின் என்ர கைக்கு வரும்.”

ஒரு மூடி. அதன் கீழ் ஒரு சாண் நீளத்தில் கைப்பிடி. அது நிற்க இரண்டு நிலைகள். எது எவருடையது என்று சொல்லும் படம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

எனக்கு விளங்காமல் நித்திரை வராது. கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஓட்டுபவரின் இரு கைக்கும் இரண்டு லீவர். ஒவ்வொன்றையும் நான்கு பக்கம் தள்ளலாம். ஆக எட்டு அசைவு. இடம் வலம் தள்ளும் நான்கும் மாறுவதில்லை. இடக்கை மெசினைச் சுழற்றும், வலக்கை வாளியை மடக்கி விரிக்கும். முன்னும் பின்னும் தள்ளும் மற்ற நான்குதான் மாறும். ஒருவருக்குப் பெரிய கையைத் தூக்கி இறக்குவது வலது லீவர், வாளி தொங்கும் சின்னக் கையை நீட்டி மடக்குவது இடது. மற்றவருக்கு அப்படியே மறுதலை. லீவர்களை யாரும் கழற்றி மாற்றுவதில்லை. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே எண்ணெய் போகும் வழி மாறுகிறது, அவ்வளவுதான்.

எட்டில் நான்கு. அரைவாசி பிழைத்தால் முழுவதும் பிழைத்த மாதிரி.

“அப்ப மறந்துபோனா?”

“மறக்க மாட்டம் சேர்.”

“மறந்துபோனா?”

“தூக்கவெண்டு இழுக்க, வாளி என்ர முகத்துக்கு வரும். நான் குளிச்சிட்டுத்தான் வந்தனான், பரவாயில்லை.”

படகுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆள் மாறும்போதெல்லாம் வெறும் வாளியை வெட்டைவெளியில் ஒருமுறை தூக்கி இறக்கிக் காட்ட வேண்டும் என்றேன். அவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகும் அவர் இறங்கும்வரை ஏழு தடவையாவது அந்தக் கைப்பிடியை நினைவூட்டியிருப்பேன்.

ஒன்று இருபதுக்கு என் மனைவி மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, சோறு ஆறுது. கதிரை தன்ர பாட்டில காவல் இருக்கும், நீங்கள் வாங்கோ.”

கூட்டாளி இறங்கி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் கை கழுவப் போனேன். நானா தொழுகை முடிந்து வந்து ஏறியதை யன்னலால் கண்டேன். வெட்டையில் தூக்கிக் காட்டச் சொல்ல நான் அங்கே இல்லை.

முதல் வாளி. கூட்டாளி மண்ணோடு தரைமட்டத்தில் விட்டுப்போயிருந்த வாளியை எடுக்க நானா, பெரிய கையைத் தூக்கவென்று வலது லீவரை இழுத்தபடியே வலப்பக்கம் சுழற்றினார். வாளி எழும்பவில்லை. தாழ்ந்தபடியே மெசினை நோக்கி மடங்கிக்கொண்டு, மண்குவியலின் ஓரத்தைச் சீவி, படகை நோக்கி வந்தது. “மாதாவே!” என்று படகுக்காரர் கத்தியது மனைவிக்குக் குசினிவரை கேட்டிருக்கிறது.

வாளி முதலில் கண்டது கதிரையை. பிளாஸ்டிக் வெடித்த சத்தத்தில் நானா இரண்டு லீவரையும் விட்டுவிட்டார். விட்டால் மெசின் நின்றுவிடும். நின்றது. கதிரையின் ஒரு கால் வாளிக்கும் படகுக்கும் நடுவில் கிடந்தது. இடைவெளியைப் பிறகு அளந்தேன்: பதினான்கு அங்குலம். படகில் கீறல்கூட இல்லை.

நானா இறங்கி வந்தார். “சேர், அல்லாஹ் அறிய நான் ஏறின உடனே திருப்பினனான்.”

கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாருக்கும் கேட்க வைத்தோம்.

“நானா, அது நான் இறங்கேக்கையே உங்கட பக்கம் திருப்பி வைச்சிட்டன். சேர் பாவம், யோசிச்சு யோசிச்சு நிக்கிறார். உங்களுக்கும் ஒரு வேலை குறையட்டுமெண்டு.”

“அட மச்சான்! எப்பவும் நான்தானே வந்து திருப்புறது!”

இருவரும் திருப்பியிருக்கிறார்கள். ஒருவர் மரியாதைக்கு, மற்றவர் வழமைக்கு. இரண்டு முறை திருப்பினால் திருப்பாத கணக்கு. எனக்கு விளங்கியதும், ஏனோ, சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தேன் என்று மனைவி சொன்னாள்.

“அண்ணை, நீங்கள் அந்தக் கதிரையில இருந்திருந்தா?” என்றார் படகுக்காரர்.

“உங்கட படகுக்கு முதல் என்னைக் கணக்கெடுத்தீங்களே, சந்தோசம்.”

“இல்லை, நீங்கள் மெலிஞ்ச ஆள். கதிரை அளவுக்கு மறிச்சிருக்க மாட்டீங்கள்.”

அங்கேயே ஒரு சட்டம் போட்டோம். ஏறுகிறவர்தான் திருப்புவது, இறங்குகிறவர் தொடக் கூடாது, திருப்பியவர் வெட்டையில் தூக்கிக் காட்ட வேண்டும். கைப்பிடியின் இரு நிலைக்கும் நானா பெயிண்ட் அடித்தார், பச்சை தனக்கு, நீலம் கூட்டாளிக்கு. நாலு மணிக்குக் குழி முடிந்தது.

சனி விடியப்புறம் படகு இறங்கியது. ஒன்பது மணிக்கு ஒரு கோர்வை விளைமீன் எங்கள் குசினிக்கு வந்தது. பத்து மணிக்கு நானா ஒரு புதுக் கதிரையோடு வந்தார். பத்தேகாலுக்குக் கூட்டாளி இன்னொரு புதுக் கதிரையோடு வந்தார். ஒருவருக்கு மற்றவர் சொல்லவில்லை. நாங்கள் எவ்வளவு சொல்லியும் இருவரும் திரும்பக் கொண்டுபோகவில்லை.

“இவையள் திருந்த மாட்டினம்” என்றாள் மனைவி.

எட்டு மணிக்கே நான் மன்னார் பஜாருக்குப் போய் வாங்கி வந்த கதிரை அறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. கதிரை 2,750, ஓட்டோ 300. ஆக 3,050 ரூபா.