இறங்கத் தெரியாத கால்கள்

அன்று காலை கழிவறையில் குந்திய என்னால் எழ முடியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில், நான்கு குடும்பங்களுக்குப் பொதுவான கழிவறை அது. தகரக் கதவு. உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டிருந்தார். கூப்பிட்டால் பக்கத்து வீட்டு அக்காதான் வருவார். அவர் வந்தால் மதியத்துக்குள் தோட்டத்தின் முழு டிவிசனுக்கும் தெரிந்துவிடும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினேன். இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை சூடான கம்பி ஒன்று இழுபட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்தபோது மழையில் நனைந்தவள்போல வியர்த்திருந்தது.

எதையும் வரிசைப்படுத்தித்தான் எனக்கு யோசிக்க வரும். தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படித்ததால் வந்த பழக்கமா, அதற்கு முன்பே இருந்ததா, தெரியவில்லை. அன்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மனதுக்குள் மூன்று வரிசைகள் போட்டேன். முடிகிறவை: நிற்பது, மெதுவாக நடப்பது, ஒருக்களித்துப் படுப்பது. முடியாதவை: குனிவது, தூக்குவது, குந்தி எழுவது, பஸ்ஸில் உட்கார்ந்து போவது, தும்முவது. யாரிடமும் சொல்லக்கூடாதவை: இன்று காலை நடந்தது.

ஹட்டனில் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளராக இருந்தேன், அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவேன். கருவியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு சரிவுகளில் ஏறி இறங்குவதுதான் வேலை. வலி எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. முதலில் மாலையில் மட்டும் வந்தது, பிறகு காலையிலும், பிறகு அது போகவே இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் முதுகின் அடியில் ஒரு தட்டு பிதுங்கியிருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் இப்போது தேவையில்லை, வலியோடு வாழப் பழக வேண்டும் என்றார். என்னுடைய வயதைக் கேட்டுவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உட்காருவதுதான் நரகம். கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் இருந்தால் கால் மரத்துவிடும். ஆகவே மலை வேலை போனால் எனக்கு வேறு வேலையே இல்லை. சேரும் அதைத் தெரிந்தவர்தான். மருத்துவ விடுமுறையை அவர் பெருந்தன்மையோடு நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒருநாள் போனில் அழைத்தார். கொத்மலையில் நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள சரிவுக் காணிகளை அளக்கும் வேலை தீபாவளி கழிந்ததும் தொடங்குகிறது என்றார்.

"வர முடியும்னா வாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வேற ஆள் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க."

வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு, போனை வைக்கக் குனிய முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். அது கட்டிலில் விழட்டும் என்று கையை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற மிஸ் சிங்களப் பெண். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார், தங்கச்சி என்பதற்கு மட்டும் நங்கி என்பார். முதுகைத் தன்னால் மாற்ற முடியாது, கால்களை மாற்றலாம் என்றார். தொடையும் இடுப்பும் பலமானால் முதுகின் மேல் விழுகிற பாரம் குறையும். இந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒரு தூண் பழுதென்றால் மற்றத் தூண்களைப் பலப்படுத்துவது. அதில் கணக்கு இருந்தது. படுத்தபடியும் சுவரில் சாய்ந்தபடியும் செய்யச் சில பயிற்சிகளைக் காட்டினார். தினமும் நடக்கச் சொன்னார். எப்படி நடப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் செய்தது இதுதான். அம்மா பெரட்டுக்குப் போனதும், லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் தேயிலைக்கு நடுவே மேல் ரோட்டுக்கு ஏறினேன். செங்குத்தான பாதை, கற்களை அடுக்கிப் படி மாதிரி வைத்திருப்பார்கள். முதல் வாரம் பாதி வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே போனேன். மேல் ரோட்டை அடைந்ததும் அங்கே நின்று, நோர்வூட் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே சுற்றி வந்து லயத்துக்குக் கீழே இறங்கிக்கொள்வேன். ஏறியதற்குக் கூலி அந்த பஸ் என்று நினைத்தேன். முதல் நாட்களில் இறங்கியபோது ஒவ்வொரு படியும் முதுகில் குத்தியது. அதை வீணாக ஏன் தாங்க வேண்டும்? எங்கள் தோட்டத்தில் ஏறுவதுதான் வேலை. மலைக்குப் போகிறவர்கள் ஏறுவதைப் பற்றித்தான் பேசுவார்கள், மூச்சு வாங்குவதைப் பற்றி, நெஞ்சடைப்பதைப் பற்றி. இறங்குவது வீட்டுக்குத் திரும்புவது. அதை யாரும் வேலையாக எண்ணிப் பார்த்து நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

"என்னா தங்கச்சி, மலைய அளந்து முடிச்சாச்சா? இல்ல நாளைக்கும் மிச்சமிருக்கா?"

"மிச்சமிருக்குக்கா."

"அளந்து எங்களுக்கும் ஒரு துண்டு எழுதிக் குடு. ஒங்க சேருக்கிட்ட சொல்லாத."

அவர் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரிப்பேன். சிரித்தால் முதுகு வலிக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எனக்குக் குளிர்க் காய்ச்சல் என்றுதான் லயம் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். முதுகு போன பெண் என்று பெயர் வந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது அவருடைய கவலை. பயிற்சியைக் காம்பரா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யச் சொன்னார். கொழுந்தெடுக்கும்போது தான் இடுப்பில் கட்டுகிற படங்கை எனக்கு இறுக்கிக் கட்டிவிடப் பார்த்தார். அந்தத் தடித்த துணி ஈரமும் தேயிலைச் சாயமுமாக நாறியது. வேண்டாம் என்று தள்ளினேன். உங்களுக்கு இந்த வலி தெரியாது என்று கத்தினேன். அம்மா படங்கை மடித்தார்.

"எனக்கு வலிக்கலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அடுப்படிக்குப் போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தார். நான் பிறந்த நாளிலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மா எழுகிற விதமே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி நெருங்கியபோது மேல் ரோடு வரை ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினேன். மூச்சு கூட அதிகம் வாங்கவில்லை. அந்த வாரம் கிளினிக்கில் மிஸ் முன்னால் உயரமான பலகையில் ஏறிக் காட்டினேன், வலது காலால், பிறகு இடது காலால். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கு நங்கி. இப்ப எறங்குங்க. மெதுவா. ஒரு கால் மேல இருக்கணும், மத்தக் கால் கீழ வரணும்."

இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பாதி இறங்குவதற்குள் கால் கைவிட்டது. கொழுந்து மூட்டையைப் போட்டதுபோல் கீழே விழுந்தேன். முதுகு முழுவதும் பற்றி எரிந்தது. மிஸ் என் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். தினமும் எப்படி நடக்கிறேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பாதை, மேல் ரோடு, பஸ்.

"அப்ப தெனமும் எறங்குறது யாரு? பஸ்ஸா?"

அறையில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். உடம்பைத் தூக்குகிறபோது தசை சுருங்குகிறது, இறக்குகிறபோது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அது வேறு பலம், அதைத் தனியாகப் பழக்க வேண்டும் என்று விளக்கினார். கால் தாங்காத பாரம் நேராக முதுகுக்குப் போகும். குந்துவதும் இறக்கம்தான். எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. அத்தனை வாரங்களும் பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு முழுதும் முடிந்தது என்று நம்பியிருக்கிறேன். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மாதங்கள் என்றார். எனக்கு இருந்தது தீபாவளி வரை.

அதன் பிறகு பயிற்சிக்குக் கதவைச் சாத்தவில்லை. பின்பக்கத்துச் சீமெந்துப் படியில், பீலிக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, சுவரில் கை வைத்து ஒரு காலில் நின்று மறு காலை மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கினேன். திரும்பக் கையால் ஊன்றி மேலே வந்தேன். மேல் ரோட்டுக்குப் பஸ்ஸில் போய்க் குறுக்குப் பாதையில் இறங்கினேன், பக்கவாட்டாக, நண்டுபோல. அக்கா கேலியை நிறுத்திவிட்டார். அது கேலியைவிட மோசமாக இருந்தது. சில நாட்களில் வலி கூடி, எல்லாம் கெட்டுவிட்டது என்று படுத்துக் கிடந்தேன். மறுநாள் எழுந்து பார்த்தால் கெடவும் இல்லை, தேறவும் இல்லை. தீபாவளியன்று பலகாரத் தட்டை இறக்கி வைக்கக்கூட நான் குனியவில்லை. அம்மா விருந்தாளிகளிடம் காய்ச்சல் இன்னும் முழுசாக விடவில்லை என்றார்.

கொத்மலைக்குப் போன நாள் மழை விட்டிருந்தது, புல் ஈரமாக இருந்தது. வான் வண்டியின் பின் சீட்டில் படுத்தபடி போனேன்; வெட்கப்படுகிற நிலையில் நான் இல்லை. காணி, ரோட்டிலிருந்து நீரை நோக்கி நேராகச் சரிந்தது. கருவியைச் சேர் எடுத்துக்கொண்டார். முக்காலியை என்னிடம் நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் இறங்கினார். பார்க்காததற்கு நன்றி சொல்லத் தோன்றியது.

முக்காலியைத் தோளில் வைத்துப் பக்கவாட்டாக இறங்கினேன். ஒரு கால் தாங்குகிறது, மறு கால் தேடுகிறது. பாதிச் சரிவில் இடது தொடை நடுங்கியது. நின்றேன். கீழே சேர் நிமிர்ந்து பார்த்தார். இங்கே விழுந்தால் இந்த வேலை இங்கேயே முடிந்தது. மூச்சை விட்டபடி மீண்டும் காலை இறக்கினேன். தொடை தாங்கியது. முதுகு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் எரிச்சல் மட்டும்தான்.

எல்லைக்கு அடித்திருந்த முதல் முளைக்கு மேலே முக்காலியை ஊன்றி, சேர் கருவியைப் பொருத்தியதும் மட்டம் பார்த்தேன். குமிழி வட்டத்துக்குள் நிற்கவில்லை. என் கை நடுங்குவதால் அது நடுங்கியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். குமிழி மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது.

சேர் அளவை வாசித்து முடித்தார். கீழே, புல்லுக்குள் சிவப்புப் பெயிண்ட் அடித்த அடுத்த முளையைக் காட்டினார். அது இதைவிடச் செங்குத்தான இடத்தில், கிட்டத்தட்ட நீரின் ஓரத்தில் இருந்தது.

"அதுக்கும் போகணும். முடியுமா, இல்ல நான் மட்டும் போகவா?"

நாளை, மறுநாள், இந்தச் சரிவு முடிந்து அடுத்த சரிவு. எல்லா முளைகளும் எனக்குக் கீழேயே இருந்தன. முக்காலியின் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கினேன். குனியாமல், முழங்காலை மடித்து, மிஸ் சொன்னபடி.

"வாறேன் சேர்" என்றேன். "நீங்க முன்னுக்குப் போங்க."